பெரிக்கின் கனிச்சுவையும் காரமும்: வர்ஜீனியா கலவைகளை எப்படி ஒப்பிடுவது?

இலைநாட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகப் பைப் புகைத்து வருகிறேன். அவற்றுள் முதல் மூன்று ஆண்டுகள் வேறு இலை கலவாத, வர்ஜீனியா என்னும் இனிப்பான புகையிலையோடு மட்டுமே கழிந்தன. சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபுல் வர்ஜீனியா ஃப்ளேக், அதாவது அழுத்தித் தட்டையாகச் சீவிய வர்ஜீனியாதான், எனக்கு உரைகல். புதிதாக எது கைக்கு வந்தாலும் அதோடு உரசிப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வருவேன். கடந்த ஓராண்டாகப் பெரிக் என்னும் நொதிக்க வைத்த கரும் புகையிலை சேர்ந்த கலவைகளின் பக்கம் வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து ஒரு குழப்பம் தீராமல் இருக்கிறது; நெடுங்காலம் புகைத்தவர்கள் இங்கே இருப்பதால் விரிவாகவே கேட்டுவிடுகிறேன்.

இதுவரை மூன்று கலவைகளை, ஒவ்வொன்றையும் பத்து முறைக்குக் குறையாமல் நிதானமாகப் புகைத்துக் குறிப்பெழுதியிருக்கிறேன். முதலாவது எஸ்குடோ. கயிறாக உருட்டி அழுத்திய புகையிலையைக் குறுக்கே சீவி வட்ட வில்லைகளாக்கிய அந்தக் கலவையில், தொடக்கத்தில் வர்ஜீனியாவின் இனிப்பும் மெல்லிய புளிப்பும் முன்னே நிற்கின்றன. பைப்பின் கிண்ணத்தில் புகையிலை பாதியாகும்போது வேகவைத்த ப்ளம் பழத்தை நினைவூட்டும் ஒரு சுவை எழுகிறது. காரம் என்று சொல்லத்தக்கது கடைசிக் கால் பகுதியில்தான் தெரிகிறது. இரண்டாவது செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக். அது இன்னும் கனமானது. உலர்திராட்சையும் பழைய மரப்பெட்டியின் மணமும் சேர்ந்தது போல இருக்கிறது. மூக்கு வழியே புகையை விட்டால் மிளகின் நெடி ஏறுகிறது. ஆனால் அந்த நெடி எனக்குப் பிடித்தமானது.

மூன்றாவதில்தான் சிக்கல். நண்பர் ஒருவர் தாமே கலந்து ஒரு ஜாடியில் கொடுத்த புகையிலை அது. வெளிர் மஞ்சள் வர்ஜீனியா ரிப்பனில், அதாவது மெல்லிய இழைகளாக நறுக்கிய இலையில், நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே பெரிக் சேர்த்ததாகச் சொன்னார். எடை போட்டுக் கலந்தவர் என்பதால் அந்த அளவில் எனக்கு ஐயமில்லை. பெரிக் இவ்வளவு குறைவாக இருப்பதால் மூன்றிலும் இதுவே மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்ததோ நேர்மாறு. முதல் இழுப்பிலிருந்தே காரம், நாக்கு நுனியில் எரிச்சல், கனிச்சுவை மருந்துக்கும் இல்லை.

ஆகவே நான் அறிய விரும்புவது இதுதான்: பெரிக் என்னும் ஒரே இலை ஓரிடத்தில் கனியாகவும் இன்னோரிடத்தில் வெறும் காரமாகவும் தோன்றுவதற்குக் காரணம் அந்த இலையின் அளவா, அதனோடு சேரும் வர்ஜீனியாவின் வகையா, இலை நறுக்கப்பட்ட விதமா, அல்லது நான் புகைக்கும் முறையா? இவற்றைப் பிரித்தறிய ஏதேனும் ஒழுங்கான ஒப்பீட்டு முறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை, ஒரு மாதமோ இரண்டு மாதமோ செலவிட ஆயத்தமாக இருக்கிறேன்.

கருவிலை (மறுமொழி)

நல்ல கேள்வி, குறிப்பெழுதி வைத்துக்கொண்டு கேட்டிருப்பதால் விடை சொல்லவும் எளிதாக இருக்கிறது. ஆனால் உங்கள் குறிப்பில் ஒரு சொல் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொல் ‘காரம்’. செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக்கில் நீங்கள் கண்டது மூக்கில் ஏறும் நெடி. நண்பரின் ஜாடியில் நீங்கள் கண்டது நாக்கு நுனியின் எரிச்சல். இவை ஒரே பொருளின் கூடுதல் குறைவுகள் அல்ல. இரண்டும் வேறு வேறு. பெரிக்கின் மிளகுத்தன்மை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையின் பின்புறத்திலும்தான் உணரப்படும். நாக்கு நுனி எரிகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது வர்ஜீனியாவையும் வெப்பத்தையும்தான், பெரிக்கை அல்ல. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: மூக்கில் ஏறுவது நெடி, நாக்கின் மேல் பரவுவது உறைப்பு, தொண்டையைப் பிறாண்டுவது காறல், வெந்தது போல் நோவது எரிச்சல். இந்த நான்கையும் நோட்டில் தனித்தனிப் பத்திகளாக எழுதத் தொடங்குங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி இலைகளைப் பற்றி. வர்ஜீனியா என்பது இன்று ஒரு மாநிலத்தின் பெயராக அன்றி ஒரு பதப்படுத்தும் முறையின் பெயராகவே வழங்குகிறது. 1839-ஆம் ஆண்டு வட கரோலினாவின் கேஸ்வெல் கவுன்டியில், அபைஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக வேலை செய்த ஸ்டீபன் என்ற இளைஞர், உலர்த்தும் கொட்டகையில் அணைய இருந்த நெருப்பைக் கரித்துண்டுகளால் மீட்டபோது இலைகள் பளிச்சென்ற மஞ்சளாக மாறின என்பது இதன் தோற்றக் கதையாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் புகை இலையில் படாதபடி இரும்புக் குழாய்கள் வழியே வெப்பத்தைச் செலுத்தும் முறை நிலைபெற்றது. காற்றில் மெல்ல உலரும் இலை தன் சர்க்கரையைத் தானே செலவழித்துவிடுகிறது. வெப்பத்தில் விரைவாக உலரும் இலையிலோ அந்தச் செலவு இடையில் நின்றுபோவதால் சர்க்கரை மிஞ்சுகிறது. வர்ஜீனியாவின் இனிப்பு, அதன் புகையின் புளிப்புச் சாயல், அவசரப்பட்டு இழுத்தால் நாக்கைப் பதம்பார்க்கும் குணம் ஆகிய மூன்றும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

அந்த வர்ஜீனியாவுக்குள்ளும் வகைகள் உண்டு. வெளிர் மஞ்சள் இலை, காய்ந்த வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணமுடையது, கூர்மையானது. நன்கு முற்றிய சிவப்பு இலை, சுட்ட ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டுவது, புளிப்பு அடங்கியது. பதப்படுத்திய பிறகு மீண்டும் சூடேற்றிக் கருக்க வைத்த இலையில் கூர்மை ஏறக்குறைய மறைந்து, பாகு காய்ச்சிய வாசம் மேலோங்கும். செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக்கின் வர்ஜீனியா இருண்ட வகையைச் சேர்ந்தது. டின்னைத் திறந்தவுடன் கண்ணுக்கே தெரியும். உங்கள் நண்பர் எடுத்துக்கொண்டதோ வெளிர் மஞ்சள்.

பெரிக்கின் கதை முற்றிலும் வேறானது. அது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்னும் மாவட்டத்தில், கிராண்ட் பாயிண்ட் என்னும் சிறு நிலப்பரப்பைச் சுற்றி விளைவது. இலைகளை அழுத்தி நொதிக்க வைக்கும் வழக்கம் அங்கிருந்த சோக்டா பழங்குடியினரிடமிருந்து குடியேறிகளுக்கு வந்தது என்றும், பியர் ஷெனே என்னும் விவசாயி 1824-இல் அதை விற்பனைப் பொருளாக்கினார் என்றும், அவருடைய செல்லப்பெயரே இலைக்கு நிலைத்துவிட்டது என்றும் சொல்லி வருகிறார்கள். செய்முறையில் பெரிய கருவிகள் எவையும் இல்லை. காற்றில் உலர்ந்த இலையை ஈரப்படுத்தி, நடுநரம்பை உருவி, சிறு கட்டுகளாக முறுக்கி, விஸ்கி பீப்பாய்களில் அடைத்துத் திருகு அழுத்திகளால் நெருக்குகிறார்கள். இலை தன் சாற்றிலேயே, காற்றுப் படாமல், மாதக்கணக்கில் நொதிக்கிறது. இடையில் மூன்று முறையாவது பீப்பாயைத் திறந்து, கட்டுகளைப் பிரித்துக் காற்றாட விட்டு, மறுபடி அடைத்து அழுத்துகிறார்கள். ஓராண்டளவில் அது கருத்து, எண்ணெய்ப் பசையேறி, வினிகரும் அழுகாமல் புளித்த பழமும் கலந்த வாசத்தோடு வெளிவருகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு என் விடை புரியும். பெரிக்கில் பழத்தின் மணமும் புளிப்பும் இருக்கின்றன. இனிப்பு மட்டும் இல்லை. ‘கனி’ என்று நம் நாக்கு அடையாளம் காண்பதற்கு மணமும் புளிப்பும் போதா, இனிப்பும் வேண்டும். அந்த இனிப்பைத் தருவது வர்ஜீனியாவின் வேலை. இருண்ட வர்ஜீனியா அடங்கிய, நீடித்த இனிப்பைத் தருகிறது. ஆகவே பெரிக்கின் மணம் அதன்மேல் உட்கார்ந்து ப்ளம் பழமாகவும் உலர்திராட்சையாகவும் தோன்றுகிறது. வெளிர் மஞ்சள் இலையின் இனிப்போ துடுக்கானது, அதனோடு சொந்தப் புளிப்பும் உண்டு. புளிப்போடு புளிப்பு சேர்ந்தால் கனி மறைந்து கூர்மை மட்டும் மிஞ்சுகிறது. எனவே நான் முதன்மையான காரணமாகக் கருதுவது வர்ஜீனியாவின் வகையைத்தான்.

மெல்லப்புகை (மறுமொழி)

கருவிலை ஐயா சொற்களைப் பிரித்துக் காட்டியது மிகவும் பயனுள்ளது. நான் இருபது ஆண்டுகளாக எரிச்சலையும் நெடியையும் ஒரே கோட்டில் எழுதி வந்தவன் என்பதால் அதை மனமார ஏற்கிறேன். ஆனால் வர்ஜீனியாவின் வகையே முதன்மைக் காரணம் என்ற முடிவில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று கலவைகளுக்கும் இடையே இன்னொரு பெரிய வேறுபாடு கண்முன்னே இருக்கிறது: எஸ்குடோவும் செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக்கும் அழுத்தப்பட்டவை, நண்பரின் ஜாடி அழுத்தப்படாதது.

அழுத்தத்தில் வாரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்போது பெரிக்கின் எண்ணெய்ப் பசையும் புளித்த மணமும் பக்கத்து வர்ஜீனியா இழைக்குள் இறங்கிவிடுகின்றன. அதன் பிறகு நெருப்பு எந்த இழையைத் தொட்டாலும் கலவையைத்தான் தொடுகிறது. தளர்வாகக் கலந்த ரிப்பனிலோ பெரிக் இழை தனியாகவும் வர்ஜீனியா இழை தனியாகவும் கிடக்கின்றன. நெருப்பு ஒரு நேரம் இதையும் மறுநேரம் அதையும் எரிக்கிறது. ஒரு கரும் இழைக்கொத்து பற்றும்போது திடீரென்று மூக்கில் நெடி ஏறும். அடுத்த இழுப்பில் அது இருக்காது. போதாக்குறைக்கு மெல்லிய ரிப்பன் சட்டென்று பற்றி வேகமாக எரியும். நான்கு ஆண்டுகள் ஃப்ளேக்கிலேயே பழகிய கை, அணைந்துவிடுமோ என்று அடிக்கடி இழுக்கும் பழக்கத்தை ரிப்பனிலும் தொடரும். நாக்கு நுனி எரிச்சலுக்கு நான் அதையே காரணமாகச் சொல்வேன்.

யார் சொல்வது சரி என்று வாதாடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

பைப் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் லட்டாக்கியா என்னும் புகையூட்டிப் பதப்படுத்திய இலை ஒருபோதும் எரிந்திருக்கக் கூடாது. லட்டாக்கியாவின் புகைவாசம் கட்டையில் தங்கிவிட்டால் பிறகு எந்த வர்ஜீனியாவைப் போட்டாலும் அதன் நிழல் விழும். மீர்ஷாம் என்னும் வெண்கனிமத்தில் குடைந்த பைப் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது வாசத்தைக் கட்டையைப் போலப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. சோளக்கதிர்த் தண்டில் செய்த பைப்பும் போதும்.

ஈரப்பதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். டின்னிலிருந்து எடுத்தவுடன் புகைப்பது வர்ஜீனியாவுக்கு நாம் செய்யும் அநியாயம். ஈரமான இலை எரியும்போது நீராவி கிளம்புகிறது. நாக்கை வேகவைப்பது பெரும்பாலும் அந்த ஆவிதான். அது போதாதென்று ஈர இலை அடிக்கடி அணைவதால் நாம் இன்னும் பலமாக இழுக்கிறோம், கிண்ணம் இன்னும் சூடாகிறது. மறுபுறம், மொரமொரப்பாகக் காய்ந்த இலை காகிதம் போல் எரிந்து சுவையைத் தொலைத்துவிடும். விரல்களுக்கிடையே ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தினால் முதலில் ஒட்டிக்கொண்டு, விட்டவுடன் மெல்ல விரிய வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம், நொறுங்கினால் வறட்சி. ஃப்ளேக்கைப் பிரித்துக் காகிதத்தின் மேல் பரப்பினால் அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இந்த நிலை வந்துவிடும். ஒப்பிடும் எல்லாக் கலவைகளையும் இதே நிலைக்குக் கொண்டுவராமல் எழுதும் குறிப்பு, தண்ணீரைப் பற்றிய குறிப்பாகவே இருக்கும்.

இப்போது சோதனை. முதலில் நறுக்கின் பங்கை அறிய, செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக்கையே இரண்டு விதமாகப் புகையுங்கள்: ஒரு நாள் ஃப்ளேக்கை மடித்து அப்படியே கிண்ணத்தில் செருகியும், மறுநாள் அதை நன்றாக உதிர்த்து ரிப்பன் போலாக்கியும். இலை ஒன்றே, அளவு ஒன்றே. மாறுவது வடிவம் மட்டும். அடுத்து வர்ஜீனியாவின் பங்கை அறிய, கலவைக்கென்று தனியாக விற்கும் பெரிக்கைக் கொஞ்சம் வாங்கி, உங்கள் நண்பரின் வெளிர் மஞ்சள் ரிப்பனையும் ஒரு சிவப்பு வர்ஜீனியா ரிப்பனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 19 கிராம் வர்ஜீனியாவுக்கு 1 கிராம் பெரிக், 18-க்கு 2, 17-க்கு 3 என்று 20 கிராம் ஜாடிகள் மூன்று தயாரித்தால் நூற்றுக்கு 5, 10, 15 பங்குகள் கிடைக்கும். பெரிக் சேர்க்காத ஜாடி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பெரிக் என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூடி இறுக்கி இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுப் பிறகு புகையுங்கள். கலந்த அன்றே புகைத்தால் வர்ஜீனியாவும் பெரிக்கும் ஒன்றையொன்று அறியாத விருந்தாளிகள் போல ஆளுக்கொரு மூலையில் இருக்கும்.

எந்த ஜாடியில் எது என்பதை வேறொருவரைக் கொண்டு எண் இடச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம். 15 பங்கு என்று தெரிந்தால் நம் மூக்கு இல்லாத நெடியையும் கண்டுபிடித்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது கிண்ணத்தை மதிப்பிட நாக்கு தகுதியற்றது என்பது ஒரு காரணம். பெரிக் வலிமையான இலை. வெறும் வயிற்றில் புகைத்தால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும் என்பது இன்னொன்று. பைப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை என்ற நினைப்பில் நம்மில் பலர் துணிச்சலாக இருக்கிறோம். வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரும் ஆபத்து அதனால் நீங்கிவிடுவதில்லை. நோட்டில் பக்கங்களை நிரப்புவதற்காகக் கிண்ணங்களைக் கூட்ட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வில்லைப்பழையவர் (மறுமொழி)

சுருக்கமாக ஒன்று மட்டும். பழைய மதிப்புரைகளைப் படித்துவிட்டு ஒப்பிடத் தொடங்கினால், டின்னின் மேலுள்ள பெயரை நம்பிவிடாதீர்கள். த்ரீ நன்ஸ் என்ற பெயர் ஒரு காலத்தில் பெரிக் வில்லைகளுக்கு எடுத்துக்காட்டாக விளங்கியது. இன்று அதே பெயரில் வரும் வில்லையில் பெரிக்குக்குப் பதிலாக நெருப்புப் புகையில் பதப்படுத்திய கென்டக்கி இலைதான் இருக்கிறது. அதுவும் மூக்கில் ஏறும், ஆனால் அந்த நெடி வேறு. அதில் கனியைத் தேடினால் கிடைக்காது. டன்ஹில் பெயரில் வந்த டீலக்ஸ் நேவி ரோல்ஸும் எலிசபெதன் மிக்ஸ்சரும் இப்போது பீட்டர்சன் பெயரில் வருகின்றன. மெக்லெலண்ட் நிறுவனம் 2018-இல் மூடிவிட்டது. அதன் வர்ஜீனியாக்களில் டின்னைத் திறந்ததும் எழும் வினிகர் வாசத்தைப் பெரிக் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு, பெரிக் துளியும் இல்லாத கலவைகளிலும் அந்த வாசம் இருந்தது.

இன்னொன்று: லக்ஸரி புல்ஸ்ஐ ஃப்ளேக்கை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். சுவையில் குறை சொல்வதற்கில்லை, நானே விரும்பிப் புகைப்பதுதான். ஆனால் அந்த வில்லையின் நடுவில் கருப்பு கேவண்டிஷ் என்னும், ஆவியில் பதப்படுத்தி மென்மையாக்கிய இலை இருக்கிறது. அதன் மென்மையை நீங்கள் பெரிக்கின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பெரிக்கின் முகத்தை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க விரும்பினால் கார்னெல் அண்ட் டீல் நிறுவனத்தின் பாயு மார்னிங் இருக்கிறது. அதில் பெரிக் தாராளமாக உண்டு. சோதனையின் முடிவில் அதைப் புகையுங்கள், தொடக்கத்தில் வேண்டாம்.

இலைநாட்டம் (கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மெல்லப்புகை ஐயா சொன்னபடியே செய்தேன். ஜாடிகளுக்கு என் தங்கை எண் இட்டாள், பட்டியலை அவளே வைத்துக்கொண்டாள்.

நறுக்குச் சோதனையில், மடித்துச் செருகிய செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். உதிர்த்துப் புகைத்தபோது கனிச்சுவை மறையவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அது தொடக்கத்திலேயே மொத்தமாக வந்து, பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு மெலிந்துபோனது. மூக்கு நெடியில் வேறுபாடு தெரியவில்லை. எரிச்சல் பத்தியில் முதல் இரண்டு நாள் கூடுதலாக எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் வேண்டுமென்றே மெதுவாக, கிண்ணத்தை விரல்கள் தாராளமாகப் பிடிக்க முடிகிற சூட்டில் வைத்துப் புகைத்தபோது அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. ஆகவே அந்த எரிச்சல் என் கையின் அவசரத்தால் வந்தது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

ஜாடிச் சோதனையில்தான் வியப்பு. வெளிர் மஞ்சள் வரிசையில் பெரிக் இல்லாத ஜாடியே என் குறிப்பில் ‘எரிச்சல், கூர்மை’ என்று அதிகம் எழுதப்பட்டது. 5 பங்கு ஜாடியில் கூர்மை சற்றுக் குறைந்தது, கனி இல்லை. 10 பங்கில் எலுமிச்சைப் புளிப்பு வேறொன்றாக, பழுக்காத ப்ளம் பழம் போலத் திரும்பியது. அதாவது நண்பரின் கலவையில் நான் குற்றம்சாட்டிய பெரிக், உண்மையில் குற்றத்தைத் தணித்துக்கொண்டிருந்தது. சிவப்பு வரிசையில் 5 பங்கிலேயே உலர்திராட்சை தெளிவாகத் தெரிந்தது. 15 பங்கில் கனி பின்வாங்கி, நெடியும் தொண்டைக் காறலும் முன்னே வந்தன. அந்த ஜாடியிலிருந்து ஒரு கிண்ணம் புகைத்த மாலையில் தலை லேசாகச் சுற்றியது; இனி உணவுக்குப் பிறகு மட்டுமே அந்த அளவைத் தொடுவேன்.

பாயு மார்னிங் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு கேள்வி மிஞ்சுகிறது: சிவப்பு வரிசையின் 15 பங்கு ஜாடியை மூடி வைத்துவிட்டால் அந்த நெடி அடங்குமா, அல்லது வர்ஜீனியா மட்டும் மாறிப் பெரிக் அப்படியே நிற்குமா?

கருவிலை (மறுமொழி)

உங்கள் குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். என் முந்தைய பதிவில் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும்: வெளிர் மஞ்சள் இலையோடு பெரிக் சேர்ந்தால் புளிப்போடு புளிப்பு சேர்ந்து கூர்மை மிஞ்சும் என்று எழுதியிருந்தேன். உங்கள் 5 பங்கு ஜாடியும் 10 பங்கு ஜாடியும் அதை மறுக்கின்றன. பெரிக் அந்தக் கூர்மையைத் தணிக்கிறது என்பதே உங்கள் நாக்கின் சாட்சியம். எண் தெரியாமல் எழுதிய குறிப்பு என்பதால் என் ஊகத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். நானும் இதே வரிசையைக் கலந்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் மாறும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. வர்ஜீனியாவில் மிஞ்சிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வேறு பொருள்களாக மாறிக்கொண்டே போவதால்தான் முதிர்ந்த ஜாடிகளில் இலை கருக்கிறது, வாசம் ஆழமாகிறது. பெரிக் ஏற்கெனவே ஓராண்டு நொதித்து வந்தது. அது தன்னளவில் பெரிதாக மாறுவதைவிட, தன் மணத்தைப் பக்கத்திலிருக்கும் இழைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதே அதிகம். ஐந்தாண்டு கடந்த டின்களில் நான் கண்டவரை நெடி முற்றாக நீங்குவதில்லை. ஆனால் தனித்து எழுந்து மூக்கில் குத்துவதை விட்டுவிட்டு, கனிச்சுவையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. மெல்லப்புகை சொன்ன அழுத்தத்தின் வேலையைக் காலம் மெதுவாகச் செய்கிறது என்று எண்ணுகிறேன்.

அந்த ஜாடியில் மீதமிருப்பதைக் கிண்ணம் கிண்ணமாகத் தீர்த்துவிடாமல், மேலே இடைவெளி அதிகம் விடாதபடி ஒரு சிறிய கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, நாளையும் எடையளவையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஓராண்டுக்கு ஒரு முறை மட்டும் திறந்து, அதே பைப்பில், அதே ஈரப்பதத்தில் ஒரு கிண்ணம் புகைத்து அந்த நான்கு பத்திகளையும் நிரப்புங்கள். என் ஜாடிக்கும் இன்றே நாள் எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த ஆண்டு இதே விவாத இழையில் இருவரும் எழுதுவோம்.